டிஸ்க் காணாமல் போனதா, பெயர் வாசிக்க ஆள் இல்லையா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஹார்ட் டிஸ்க் வாங்குவதைப் பற்றி இரண்டு பந்தி எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: டிஸ்க் இருக்கிறது, கணினிக்குத் தெரியவில்லை. வாசித்துப் பார்த்தால் எதிலுமே டிஸ்க்கின் மேல் குற்றம் இருப்பதாகப் படவில்லை. குற்றம் நடுவில் இருக்கிறவரிடம். அவர் பெயர் ஹோஸ்ட் அடாப்டர், கொன்ட்ரோலர் என்றும் சொல்வார்கள். மதர்போர்டோடு சேர்ந்தும் வருவார், தனிக் கார்டாகவும் வருவார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நாற்பது பேர் நிற்கிறார்கள். துரைக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது. கணக்கப்பிள்ளைதான் பெயர் வாசித்து, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். ஒரு நாள் கணக்கப்பிள்ளை வரவில்லை, அல்லது வந்தும் அவர் பேசுகிற பாஷை துரைக்கு விளங்கவில்லை என்றால், நாற்பது பேரும் கண் முன்னே நின்றாலும் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) ஒரு பெயர் விழாது. நிற்கிற ஆட்கள்தான் டிஸ்க்குகள், துரைதான் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம், கணக்கப்பிள்ளைதான் அடாப்டர். அவருக்கும் துரைக்கும் நடுவில் இருக்கிற பாஷைதான் டிரைவர். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: சேர், போன வருடம் வாங்கிய மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போடப் பார்த்தேன். எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கிற இடத்தில் பட்டியல் காலி. பயோஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறது. கடையில் கேட்டால் எஸ்எஸ்டி மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா? (பண்டாரவளை வாசகி)

பதில்: மாற்ற வேண்டாம் தங்கச்சி. பயோஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் எழும் மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை. அதில் பெயர் தெரிகிற எஸ்எஸ்டி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து நிறைய மடிக்கணினிகளில் எஸ்எஸ்டிகளை நிர்வகிக்கிற விஎம்டி என்ற ஒன்றைத் திறந்து வைத்தே அனுப்புகிறார்கள். எஸ்எஸ்டி நேராக விண்டோஸோடு பேசாமல் அந்த விஎம்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். நீங்கள் வாங்கியபோது உள்ளே இருந்த விண்டோஸில் அதற்கான டிரைவரை அவர்களே போட்டிருந்தார்கள். நீங்கள் பென் டிரைவில் எடுத்த விண்டோஸில் அது இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, டிரைவரைக் கொடுப்பது. உங்கள் மடிக்கணினி மொடலின் சொந்தத் தளத்துக்குப் போய், ஸ்டோரேஜ் என்ற தலைப்பின் கீழ் இன்டெல் ரெப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்குங்கள். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். இறக்கியது ஒரு எக்ஸ்ஈ கோப்பாக இருந்தால் அதை அப்படியே பென் டிரைவில் போட்டுப் பயனில்லை, விண்டோஸ் நிறுவி அதைத் திறந்து பார்க்காது. வேறொரு கணினியில் அதைப் பிரித்து, ஐஎன்எஃப் என்று முடிகிற கோப்பு வெளியே தெரிகிற போல்டராக வைக்க வேண்டும். பிறகு அந்தக் காலிப் பட்டியலுக்குக் கீழே 'லோட் டிரைவர்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தி அந்தப் போல்டரைக் காட்டுங்கள். பொருந்தாத டிரைவர்களை மறை என்ற சின்னப் பெட்டியில் சரிக் குறி இருக்கட்டும், எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் பட்டியலில் எது மிஞ்சுகிறதோ அதுதான் உங்களுடையது. நெக்ஸ்ட் கொடுத்ததும் எஸ்எஸ்டி வந்து நிற்கும்.

இரண்டாவது வழி, பயோஸில் விஎம்டியை அணைத்துவிடுவது. ஒரே ஒரு எஸ்எஸ்டி இருக்கிற மடிக்கணினியில் இதனால் நட்டம் ஒன்றும் இல்லை. சில ஏசர் மடிக்கணினிகளில் அந்த வரியே மறைந்திருக்கும், மெயின் பக்கத்தில் நின்று கொன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் தலை காட்டும். ஆனால் அணைத்தால் பழைய விண்டோஸ் கிளம்பாது, அதற்குள் எடுக்க வேண்டிய ஃபைல் ஏதும் இருந்தால் அணைப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். பிட்லொக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவியையும் கேட்கும், அதை உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த மடிக்கணினியிலேயே எழுதி வைத்துவிட்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு.

கேள்வி: ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா என்று எட்டு டிஸ்க் நிறைய வீடியோ. கொழும்பில் பழைய சேர்வர் பிரிக்கிற ஒரு கடையில் வாங்கிய எல்எஸ்ஐ கம்பனி அடாப்டர் கார்டில் எட்டும் செருகி, சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸில் நான்கு வருடம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. தம்பி ஒருத்தர் ரொக்கி லினக்ஸ் 8 போட்டுக் கொடுத்தார். பூட் ஆகும்போது கார்டின் திரையில் எட்டு டிஸ்க்கும் வரிசையாகத் தெரிகிறது. லினக்ஸ் வந்ததும் ஒன்றுகூட இல்லை. டிஸ்க்குகளைக் கழற்றி விண்டோஸில் போட்டுப் பார்க்கட்டுமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: அண்ணே, தயவுசெய்து வேண்டாம்! கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றது பிறகு.

லினக்ஸ் டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் 'இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்' என்று ஒரு பெட்டி மரியாதையாக வந்து நிற்கும், ஓகே பொத்தான் ஏற்கெனவே தயாராக இருக்கும். நானும் ஒரு காலத்தில், இரவு பதினொரு மணிக்குக் கண் சொக்கிப்போய் அந்த ஓகேயை அழுத்தினவன்தான். ஒரு நண்பரின் வீட்டு விசேஷப் படங்கள். அழுத்தின அடுத்த செக்கனில் கை குளிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. டிஸ்க்கில் படங்கள் அப்படியே கிடந்தன, அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று சொல்கிற அட்டவணை மட்டும் போய்விட்டது. மூன்று இரவு இருந்து தோண்டி எடுத்தேன், அப்படியும் எல்லாம் வரவில்லை. அதனால் இப்போதே எட்டு டிஸ்க்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எது எந்த வயரில் இருந்தது என்று 1 முதல் 8 வரை பேனாவால் எழுதிவிடுங்கள்.

இனி விஷயம். கார்டின் சொந்தத் திரையில் எட்டும் தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் டிஸ்க் சரி, வயர் சரி, கார்டும் சரி. ஆட்களும் நிற்கிறார்கள், கணக்கப்பிள்ளையும் வந்திருக்கிறார். மாறினது துரை.

அந்த வகைக் கார்டுகளில் அதிகமாக இருக்கிற சிப் எஸ்ஏஎஸ்2008. அதற்கு லினக்ஸில் முதலில் எம்பிடி2சாஸ் என்று தனி டிரைவர் இருந்தது, லினக்ஸின் கருவான கர்னல் 4.4ஆம் பதிப்பு வந்தபோது அதை எம்பிடி3சாஸோடு ஒன்றாக்கிவிட்டார்கள். ரெட் ஹாட் கம்பனி 2019இல் தன் லினக்ஸின் 8ஆம் பதிப்பை வெளியிட்டபோது, அந்த டிரைவருக்குள் இருந்த பழைய சிப்களின் எண்களை எடுத்துவிட்டது. ரொக்கி 8 அதே வழியில் வருவது, ஆகவே அதிலும் இல்லை. இதில் மோசம் என்னவென்றால், டிரைவரைக் கையால் ஏற்றினால் ஏறும், பிழை என்று ஒரு வரிகூட வராது, உங்கள் கார்டைத் தன்னுடையது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாது. உங்கள் தம்பி 'டிரைவர் இருக்கிறதே' என்று சொல்லியிருப்பார், அவர் சொன்னதும் பொய்யில்லை.

உறுதிப்படுத்த, டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ஒரு கோடு போட்டு என்என்கே என்று சேர்த்து அடியுங்கள். கார்டுக்கான வரியில் 1000:0072 என்று எண் இருந்தால் நான் சொல்வது இதுதான். 1000 என்பது எல்எஸ்ஐ, 0072 என்பது சிப். அதற்குக் கீழே எந்த டிரைவர் இப்போது பிடித்திருக்கிறது என்று ஒரு வரி வர வேண்டும், உங்களுக்கு அது வராது. கார்டின் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், பழைய கார்டுகளில் ஒரு கம்பனியின் ஸ்டிக்கரும் இன்னொரு கம்பனியின் ஃபர்ம்வேரும் (கார்டுக்குள்ளேயே இருக்கிற மென்பொருள்) இருப்பது சகஜம். இந்த எண் பொய் சொல்லாது.

தீர்வு மூன்று உண்டு, என் விருப்ப வரிசையிலேயே சொல்கிறேன். டெபியன் அல்லது உபுண்டு என்ற வேறு லினக்ஸைப் போடுவது, அவற்றில் இந்த எண்ணை எடுக்கவில்லை, போட்டதும் டிஸ்க் வரும். அல்லது, ரெட் ஹாட் வழிதான் பழக்கம் என்றால் அல்மாலினக்ஸ் 9.4 அல்லது அதற்குப் பிந்தியது, 2024 மே மாதம் அந்தப் பதிப்பில் கைவிடப்பட்ட இந்த டிரைவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ரொக்கி 8ஐயே வைத்திருப்பேன் என்றால் ஈஎல்ரெப்போ என்ற களஞ்சியத்தில் எம்பிடி3சாஸுக்கான தனி மொட்யூல் பொதி இருக்கிறது, அதை நிறுவிய பின் பூட் ஆகும்போது டிரைவர்களைக் கையோடு கொண்டு வருகிற இனிட்ராம்எஃப்எஸ்ஸை டிராகட் என்ற கருவியைக் கொண்டு புதிதாகக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் டிரைவர் டிஸ்க்கில் இருக்கும், பூட் ஆகிற நேரத்தில் கையில் இருக்காது. பிறகு கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் இந்தத் தலைவலி திரும்ப வரலாம், அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

சென்ட்ஓஎஸ் 7க்கே திரும்பிப் போகலாமா என்று யோசிக்காதீர்கள், அதன் ஆயுள் 2024 ஜூன் 30ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

டிஸ்க்குகள் வந்த பிறகு இன்னும் இரண்டு காரியம். லினக்ஸ் கிளம்பும்போது எழுதுகிற டிஎம்ஈஎஸ்ஜி பதிவில் கார்டு எழும் இடத்தில் ஃபர்ம்வேர் எண் அச்சாகும், 20.00.07.00 என்று இருந்தால் நல்லது. 20.00.00.00 என்று இருந்தால் மாற்றுங்கள், அந்த முதல் பதிப்பு தரவைக் கெடுத்ததாகப் பெயர் வாங்கியது. ஃபர்ம்வேர் மாற்றுகிற பொழுது யுபிஎஸ் இல்லாமல் கை வைக்க வேண்டாம், நம்மூர் கரண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றது சூடு. ஹட்டன் குளிர்தானே என்று நினைப்பீர்கள். இந்தக் கார்டு சேர்வர் பெட்டிக்குள் பலத்த காற்று அடிக்கிற இடத்துக்காகச் செய்தது, சாதாரண கேஸிங்கில் அதன் அலுமினியத் துண்டில் விரல் வைத்தால் வைத்திருக்க முடியாது. ஒரு சின்ன ஃபேனைக் கேபிள் டையால் அதன் மேல் கட்டிவிடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், வேலை செய்யும்.

அப்புறம், இதே கார்டை வேறு ஒரு சாதாரண மதர்போர்டில் போட்டு கணினியே கிளம்பாமல் நின்றால், கார்டு செத்தது என்று எறிய வேண்டாம். சிப் இருக்கிற பக்கத்தில், உலோகத் தகடு இருக்கிற முனையிலிருந்து எண்ணி ஐந்தாவது, ஆறாவது தங்கக் கால்களின் மேல் மெல்லிய இன்சுலேஷன் டேப் ஒன்றை வெட்டி ஒட்டிப் பாருங்கள். பி5, பி6 என்பார்கள். அந்த இரண்டும் மதர்போர்டின் ஒரு சின்னப் பேச்சு வழியைத் தடுமாற வைப்பவை, டிஸ்க் வேலைக்குத் தேவையில்லாதவை.

கேள்வி: எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிற மென்பொருள் எது நல்லது? (இராகலை வாசகர்)

பதில்: ஒன்றும் இல்லை. வைஃபைக்கோ சத்தத்துக்கோ தப்பான டிரைவர் போட்டால் வைஃபையும் சத்தமும் போகும். ஸ்டோரேஜுக்குத் தப்பாகப் போட்டால் கணினியே எழும்பாது. நன்றாக ஓடுகிற ஸ்டோரேஜ் டிரைவரைச் சும்மா விடுங்கள்.

கேள்வி: வெலிமடையில் மரக்கறி மொத்தக் கடை. கணக்கு முழுக்க ஒரு பழைய கணினியில். முந்தாநாள் இடி மின்னலோடு கரண்ட் போய், விடிந்து வந்தது. அதிலிருந்து விண்டோஸ் 10 நீலத் திரையோடு நிற்கிறது, பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்று ஆங்கிலத்தில் வருகிறது. நான் எதையும் தொடவில்லை. ஃபோர்மட் பண்ண வேண்டும் என்கிறார்கள். இரண்டு வருடக் கணக்கு இருக்கிறது ஐயா. (வெலிமடை வாசகர்)

பதில்: நீங்கள் தொடவில்லை என்பதை நம்புகிறேன். தொட்டது பற்றரி.

கணினியைப் போட்டதும் பயோஸுக்குள் போய் முதலில் திகதியைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்திய ஏதோ ஒரு ஜனவரி 1 காட்டினால் விஷயம் முடிந்தது. மதர்போர்டில் பெரிய காசு மாதிரி ஒரு பற்றரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்த நிலையில், சுவரில் கரண்ட் இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்ததும் பயோஸ் தன் அமைப்பையெல்லாம் மறந்து, கம்பனி வைத்த பழைய நிலைக்குப் போய்விட்டது. அந்த மறதியில், டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்று சொல்கிற சாட்டா மோட் என்கிற வரியும் மாறியிருக்கும். உங்கள் விண்டோஸ் போட்ட அன்று அது ரெய்ட் (பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டவும் உதவுகிற முறை) என்று இருந்து, இப்போது ஏஎச்சிஐ (சாதாரண முறை) ஆகியிருக்கலாம், அல்லது மறுபக்கமாக. விண்டோஸ் தொடங்கும்போது தனக்குத் தேவையான ஒரே ஒரு ஸ்டோரேஜ் டிரைவரை மட்டும்தான் கையோடு எடுத்து வரும். மோட் மாறினால் கையில் இருக்கிற டிரைவருக்கு அங்கே வேலை இல்லை, தேவையான டிரைவர் டிஸ்க்குக்குள்ளே, டிஸ்க்கைத் திறக்க வழியில்லை. சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டின கதை.

பற்றரியை மாற்றுங்கள், பயோஸில் திகதியைச் சரிசெய்யுங்கள், சாட்டா மோடை இப்போது இருப்பதிலிருந்து மற்றதற்கு மாற்றிச் சேமித்துக் கிளப்புங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காதது போல எழும்பிவிடும். எழும்பியதும் மற்ற வேலையெல்லாம் பிறகு, கணக்கை ஒரு பென் டிரைவுக்கு எடுத்துக்கொண்டு வந்துதான் தேத்தண்ணி குடிக்க வேண்டும்.

ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு நிரந்தரமாக மாற விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. நேராகப் பயோஸில் மாற்றாமல், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எம்எஸ்கொன்ஃபிக்கைத் திறந்து பூட் பக்கத்தில் சேஃப் பூட்டுக்குச் சரி போட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, அந்தப் போக்கிலேயே பயோஸில் மோடை மாற்றுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் தேவையான டிரைவரைத் தானாகத் தேடி எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தச் சரியை எடுத்துவிட்டு இன்னொரு முறை ரீஸ்டார்ட். இரண்டு டிஸ்க்கை ஒன்றாகக் கட்டிய உண்மையான ரெய்ட் உங்களிடம் இருந்தால் இந்த விளையாட்டு வேண்டாம்.

கேள்வி: மஸ்கெலியாவில் படம் பிரிண்ட் பண்ணுகிற கடை. சிவனொளிபாதமலை சீசனில் நாள் முழுக்க ஓடுகிற கணினி, அப்போது ஒரு கரைச்சலும் இல்லை. சீசன் முடிந்து மழை தொடங்கினால் டி டிரைவ் நடுவேலையில் காணாமல் போகிறது, கணினி அரை நிமிடம் உறைகிறது, பிறகு சில நேரம் தானாக வருகிறது. புது டிஸ்க் போட்டேன், அதுவும் அப்படியே. டிரைவர் பிழையா? (மஸ்கெலியா வாசகர்)

பதில்: டிஸ்க் மாற்றியும் கரைச்சல் போகவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே பெறுமதியான வரி.

ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவில் 129 என்ற எண்ணைத் தேடுங்கள். ரெய்ட்போர்ட்0 என்ற பெயரோடு, ரீசெட் அனுப்பப்பட்டது என்று இருக்கும். உங்களிடம் ரெய்ட் இல்லையே என்று குழம்பாதீர்கள், அது விண்டோஸ் அந்த வாயிலுக்கு (போர்ட்டுக்கு) வைத்த பெயர். அர்த்தம் இது: டிரைவர் டிஸ்க்கிடம் ஒன்று கேட்டது, பதில் வரவில்லை, பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொடர்பை வெட்டி மறுபடி கட்டியது. நீங்கள் காண்கிற அந்த அரை நிமிட உறைவு இதுதான். டிரைவர் தன் வேலையைச் செய்கிறது, சேதி போகிற பாதையில்தான் சேறு.

பாதையா டிஸ்க்கா என்று பிரிக்க ஒரு சோதனை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சி7 என்ற வரியைப் பாருங்கள், மற்ற மென்பொருள்களில் 199 என்று இருக்கும். அடாப்டருக்கும் டிஸ்க்கிற்கும் நடுவே கெட்டுப்போய் வந்த சேதிகளின் எண்ணிக்கை அது. 05, சி5, சி6 ஆகிய வரிகள் பூச்சியமாக இருந்து சி7 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க் சுத்தம், சாட்டா வயரோ அதன் முனையோதான் கள்ளன். அந்த எண் ஒருபோதும் குறையாது, அதனால் இன்றைக்கு எவ்வளவு என்று எழுதி வைத்து ஒரு கிழமை கழித்துப் பாருங்கள். அப்படியே நின்றால் பழைய காயம், ஏறினால் இன்னும் வலிக்கிறது.

மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உங்கள் ஊரில் மே பிறந்தால் கடைக்குள்ளேயே மூடுபனி வந்து உட்காருகிறது. சீசனில் பகலும் இரவும் ஓடிய கணினி உள்ளே சூடாகக் காய்ந்து இருந்தது. இப்போது மாலை ஐந்துக்கே அணைக்கிறீர்கள், இரவெல்லாம் குளிரில் ஈரம் கோர்க்கிறது, மலிவு வயரின் முனைத் தகட்டில் மெல்லக் களிம்பு ஏறுகிறது. என் கைக்கு வந்த இப்படியான கணினி ஒன்றில், வயரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஏழு கால்களில் இரண்டு மட்டும் தேயிலைச் சாயம் பட்டது போல மங்கிக் கிடந்தன.

இரண்டு பக்கமும் கிளிப் உள்ள புதிய வயர், முடிந்தால் அரை மீற்றருக்குள். மதர்போர்டில் வேறொரு வாயில். டிஸ்க்குக்குப் போகிற கரண்ட் வயரில் கவட்டைப் பிரிப்பு போட்டிருந்தால் அதைத் தூக்கிவிட்டு பவர் சப்ளையிலிருந்து நேராகக் கொடுங்கள். வாயிலுக்குள் ஐசோபுரோப்பைல் அல்ககோல் ஒரு துளி, துணி வைத்துக் குத்த வேண்டாம். இவ்வளவும் செய்தும் 129 வந்தால், பவர் ஒப்ஷன்ஸில் ஏஎச்சிஐ லிங்க் பவர் மனேஜ்மன்ட் என்ற வரி தெரிந்தால் அதை அக்டிவ் என்று வையுங்கள். சும்மா இருக்கிற நேரம் தொடர்பைத் தூங்கவைத்து, எழுப்பும்போது சில டிஸ்க்குகள் முரண்டு பிடிக்கும். இங்கே மட்டும்தான் டிரைவர் அமைப்பு என்று சொல்ல ஒன்று இருக்கிறது, அதையும் கடைசியில்தான் தொட வேண்டும்.

கேள்வி: நுவரெலியாவில் ஒரு விடுதியின் கணக்கு சேர்வர். ரெய்ட் கார்டு உள்ளது. இரண்டு மாதமாக பில் அடிக்கவே நேரம் எடுக்கிறது. டிஸ்க் எல்லாம் பச்சை விளக்கு. (நுவரெலியா வாசகர்)

பதில்: கார்டின் பற்றரி செத்திருக்கும். எழுத வந்த தரவைக் கார்டு முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிட்டு ஆறுதலாக டிஸ்க்கில் எழுதும், அதற்கு ரைட் பேக் என்று பெயர். கரண்ட் போனால் அந்த நினைவகத்தைக் காப்பாற்றத்தான் பற்றரி. பற்றரி போனதும் கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்கு இறங்கி, ஒவ்வொரு பில்லையும் டிஸ்க்கில் பதிந்த பிறகுதான் சரி என்கிறது. அது கோளாறு இல்லை, முன்ஜாக்கிரதை. பற்றரி இல்லாவிட்டாலும் ரைட் பேக்கில் வை என்று கட்டாயப்படுத்த ஒரு தெரிவு இருக்கிறது, யாராவது 'வேகமாக்கித் தருகிறேன்' என்று அதைத்தான் போடுவார்கள். போட விடாதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிக்குக் கரண்ட் எத்தனை தரம் போகிறது என்று எண்ணிப் பாருங்கள், அத்தனை தரமும் நினைவகத்தில் இருந்த பில்கள் போகும். புதுப் பற்றரி வாங்குங்கள்.

கார்டையே மாற்ற நேர்ந்தால் புதிய கார்டு டிஸ்க்குகளைக் கண்டு 'ஃபொரின் கொன்ஃபிகரேஷன்' என்று சொல்லும். அங்கே இம்போர்ட் என்றும் கிளியர் என்றும் இரண்டு வரும். இம்போர்ட்தான் உங்களுக்கு. கிளியர் என்றால் துப்புரவாக்குவது என்று நினைத்து அழுத்தியவர்களின் கதையை எழுத இந்தப் பக்கம் போதாது.

கேள்வி: கண்டியில் அப்பா காலத்து அச்சகம். பெரிய ஸ்கேனர் ஒன்று, பின்பக்கம் ஐம்பது காலுள்ள தடித்த வயர், கணினியில் அடப்டெக் 2940 கார்டு. அந்தக் கணினி செத்துவிட்டது. ஸ்கேனரை எறிய மனமில்லை. (கண்டி வாசகர்)

பதில்: எறியாதீர்கள். இந்தக் கடிதத்துக்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன் என்று சொன்னாலும் பிழையில்லை, உங்கள் ஐம்பது கால் வயர் மாதிரியான, ஸ்கஸி எனப்படும் பழைய இணைப்பு வயரோடு மல்லுக்கட்டி வளர்ந்தவன் நான்.

கார்டுக்குப் பழைய பிசிஐ துளை வேண்டும், இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் அது இல்லை. புதுக் கணினியில் பொருத்தப் பாடுபடுவதைவிட, பிசிஐ துளையுள்ள பழைய கணினி ஒன்றைத் தேடி, அதில் லினக்ஸ் போட்டு, ஸ்கேனருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். இந்தக் கார்டுக்கான ஏஐசி7எக்ஸ்எக்ஸ்எக்ஸ் டிரைவர் லினக்ஸ் கர்னலில் இன்றும் இருக்கிறது. ஸ்கேனரோடு பேச சேன் என்ற மென்பொருள் உண்டு, அதன் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மொடல் இருக்கிறதா என்று கணினி வாங்குவதற்கு முன்னால் பாருங்கள்.

கணினி கிளம்பும்போது கொன்ட்ரோலும் ஏயும் அழுத்தினால் கார்டின் சொந்த மெனு வரும். கார்டின் இலக்கம் வழக்கமாக 7, அதை அப்படியே விடுங்கள். ஸ்கேனரின் முதுகில் சின்னச் சக்கரம் ஒன்றில் அதன் இலக்கம் தெரியும், 7ஐத் தவிர எதுவாகவும் இருக்கலாம், வேறு கருவியோடு மோதக் கூடாது. வயர்த் தொடரின் இரண்டு முனையிலும், சிக்னல் முட்டித் திரும்பாமல் நிறுத்துகிற டெர்மினேட்டர் இருக்க வேண்டும், நடுவில் இருக்கக் கூடாது. ஸ்கேனர் மட்டும்தான் என்றால் ஒரு முனை கார்டு, கார்டின் டெர்மினேஷனை ஓன் பண்ணுங்கள். மறு முனை ஸ்கேனர், அதன் இரண்டாவது துளையில் கட்டைவிரல் அளவில் வயரில்லாத ஒரு பிளக் செருகியிருக்கும், அதுதான் டெர்மினேட்டர். உள்ளேயும் ஒரு ஸ்கஸி டிஸ்க் இருந்தால் கார்டு நடுவில் வந்துவிடும், அப்போது கார்டின் டெர்மினேஷனை ஓஃப் பண்ண வேண்டும். இது பிழைத்தால் ஸ்கேனர் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது, பாதிப் படத்தில் நிற்கும், டிரைவரைத் திட்டிக்கொண்டு இருப்பீர்கள்.

முதலில் ஸ்கேனரைப் போட்டு, அது உறுமி அடங்கிய பிறகு கணினியைப் போடுங்கள். கார்டு எழும்போது ஒரு முறைதான் வாசலில் நின்று யார் இருக்கிறார்கள் என்று கூப்பிட்டுப் பார்க்கும்.

அந்த வயரில்லாத பிளக், பழைய கணினியைத் தூக்கிப் போடும் அவசரத்தில் குப்பையோடு போயிருக்காது என்று நம்புகிறேன். இன்றைக்கே ஸ்கேனரின் பின்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.